ஈரநீக்கியும் வீட்டு ஓதமும்

ஈரநீக்கி என்பது மூடிய அறையின் காற்றிலுள்ள நீராவியைப் பிரித்தெடுத்து ஈரப்பதத்தைக் குறைக்கும் கருவி. கடைகளில் டிஹியூமிடிஃபையர் என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஆய்வகம், மருந்துக் கிடங்கு, ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் இது தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது அண்மையில்தான். திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தையும் அதைச் சூழ்ந்த பின்னலாடை வட்டாரத்தையும் முன்வைத்து இக்கட்டுரை கருவியை விளக்குகிறது. பஞ்சும் நூலும் துணியுமாக வாழும் வட்டாரம் இது. நூற்பாலைகள் நூறாண்டுக்கும் மேலாகக் காற்றில் ஈரத்தைச் சேர்த்துவந்த கொங்கு நாட்டில், மழைக்கால வீடுகள் அதை நீக்க வழி தேடுகின்றன.

வட்டாரமும் காற்றும்

முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டையும் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இவ்வூர் அமைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து ஆனியிலும் ஆடியிலும் பலமாக வீசும். மழையைவிடக் காற்றே மிகுதி. துணி காயவும் வீடு உலரவும் அந்தக் காற்று உதவுகிறது. ஓதம் தலைகாட்டுவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை அடைத்துப் பெய்யும் வாரங்களில்தான். ஆகவே கடலோரச் சென்னைக்கோ மலைமேல் இருக்கும் உதகைக்கோ சொல்லும் அறிவுரை இங்கே அப்படியே பொருந்தாது. ஆண்டு முழுவதும் ஈரநீக்கி ஓட வேண்டிய ஊரல்ல இது.

30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவி வரை தாங்கும். அதில் 24 கிராம் இருந்தால் ஈரப்பதம் 80 விழுக்காடு. அதே காற்று இரவில் குளிரும்போது, புதிதாக ஒரு சொட்டு நீர் சேராமலே விழுக்காடு ஏறும். 26 பாகையை நெருங்குகையில் அது 100ஐத் தொடும். அதற்கும் கீழே குளிர்ந்திருக்கும் சுவரிலும் இரும்புப் பீரோவின் முதுகிலும் நீர்த்துளி படியும். பீரோவுக்குப் பின்னே பூஞ்சணம் பூப்பது பெரும்பாலும் இதனால்தான்.

அளவீட்டின் வரலாறு

ஈரத்தை நீக்கும் கலை, ஈரத்தை அளக்கும் கலைக்குப் பின்னால் வந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹுவாய்நான்சி என்ற சீன நூல், தராசில் ஒருபுறம் இறகையும் மறுபுறம் கரியையும் தொங்கவிட்டுக் காற்றின் ஈரத்தை அறியும் முறையைக் குறிப்பிடுகிறது. ஈரம் கூடினால் கரி அதை உறிஞ்சிக் கனக்கும். 1450இல் ஜெர்மானிய அறிஞர் குசாவின் நிக்கோலஸ் இதே எண்ணத்தைக் கம்பளியைக் கொண்டு சொன்னார்: தராசின் ஒரு தட்டில் கம்பளி, மறு தட்டில் கல், காற்று ஈரமானால் கம்பளித் தட்டு தாழும். நெசவுப் பொருளே ஈரமானியாகத் தொடங்கியது என்பது திருப்பூர் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ, ஈரத்தால் இறுகும் கயிற்றைக் கொண்டு அளந்தார். ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் 1783இல் தலைமுடி ஈரமானியை விவரித்தார். உலர்ந்த காற்றிலிருந்து முழு ஈரக் காற்றுக்குச் செல்லும்போது மனிதத் தலைமுடி 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் நீளும். அந்த நீட்சியை ஒரு முள் காட்டும். 1820இல் ஆங்கிலேயர் டேனியல், குளிரும் காற்றின் நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிப்புள்ளியை அளக்கும் கருவியைச் செய்தார். பிற்பாடு பரவியது இரட்டை வெப்பமானி. ஒன்றின் குமிழில் நனைந்த துணி சுற்றியிருக்கும். காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவுக்கு அந்த வெப்பமானி இறங்கிக் காட்டும். நூற்பாலைகளின் தூண்களில் இக்கருவியே தொங்கியது.

பருத்தி ஆலைகளுக்கு ஈரம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இழையின் இயல்பே விடை. ஈரம் ஏறும்போது பருத்தி இழையின் வலு கூடுகிறது. காற்று வறண்டால் நூல் அறுகிறது, பஞ்சுத்தூசி பறக்கிறது, உராய்வில் மின்னேற்றம் பெற்ற இழைகள் சிக்கிக்கொள்கின்றன. லங்காஷயரில் பருத்தித் தொழில் வளர்ந்ததற்கு அங்குள்ள ஈரமான வானிலையும் காரணம் என்பார்கள். இயற்கையில் கிடைத்தது போதாமல் நெசவுக்கூடங்களில் நீராவியைப் பாய்ச்சத் தொடங்கினார்கள் அங்குள்ள முதலாளிகள். தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1889இல் பருத்தித் துணி ஆலைகள் சட்டத்தை இயற்றி, செயற்கை ஈரத்துக்கு வரம்பு கட்டியது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவும் இதைப் பற்றியதே. ஈரமூட்டப் பயன்படும் நீர், பொதுக் குடிநீர் போன்ற மூலத்திலிருந்து வர வேண்டும், அல்லது நன்கு தூய்மையாக்கப்பட வேண்டும் என்கிறது அப்பிரிவு. தொழிலாளி மூச்சோடு உள்ளிழுக்கும் நீர் குடிக்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்ற இந்த நெறி, வீட்டுக் காற்றைப் பற்றி எழுதும் எவரும் நினைவில் வைக்க வேண்டியது.

கோவையில் முதல் நூற்பாலை, ஸ்டேன்ஸ் ஆலை என்று ஊரார் அழைத்தது, 1888இல் தொடங்கியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. 1956இல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சுருக்கமாக சிட்ரா, நிறுவப்பட்டது. நூலையும் துணியையும் சோதிப்பதற்கு முன் 27 பாகை வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தி நூலுக்கு வணிகத்தில் 8.5 கிலோ ஈரத்தைச் சேர்த்து எடை கணக்கிடுவார்கள். பாலியெஸ்டருக்கு அது அரைக் கிலோகூட இல்லை. விஸ்கோஸுக்குப் பருத்தியைவிட அதிகம். இவ்வட்டாரத்தில் ஈரப்பதம் காசாக எண்ணப்படுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஈரத்தைச் சேர்ப்பதைப்போல நீக்கவும் முடியும் என்று பொறியியல் முறையில் நிறுவியவர் அமெரிக்கரான வில்லிஸ் கேரியர். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரத்தால் காகிதம் நீண்டு சுருங்கி வண்ண அச்சு ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போயிற்று. குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின்மீது காற்றைச் செலுத்தி, ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பை அவர் வடிவமைத்தார். உலகின் முதல் நவீன ஏர்கண்டிஷனர் என்று புகழப்படும் அது அடிப்படையில் ஓர் ஈரநீக்கி. ஏர்கண்டிஷனிங் என்ற பெயரோ 1906இல் வட கரோலினாவின் ஜவுளிப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர் நூற்பாலைக்காக உருவாக்கியது. வேதிவழியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுக்கு வால்டர் பேட்ரிக் 1919இல் காப்புரிமை பெற்றார். சுழல்சக்கர ஈரநீக்கிகளைப் பரப்பிய நிறுவனத்தைச் சுவீடனின் கார்ல் முன்டெர்ஸ் 1955இல் தொடங்கினார்.

பின்னலாடை ஏற்றுமதியிலும் ஈரநீக்கத்துக்கு ஒரு கிளைக்கதை உண்டு. தூத்துக்குடியில் கப்பலேறும் கன்டெய்னருக்குள் பகலின் சூட்டில் அட்டைப்பெட்டியிலும் துணியிலும் இருந்து வெளியேறும் ஈரம், இரவில் இரும்புக் கூரையில் படிந்து சொட்டும். அதனால் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் கன்டெய்னர் சுவரில் கால்சியம் குளோரைடு பையும் தொங்கவிடுகிறார்கள். பூஞ்சணத்தைத் தடுக்கச் சில நாடுகளின் ஏற்றுமதியாளர்கள் வைத்த டைமெத்தில் ஃபியூமரேட் பொட்டலங்கள் நுகர்வோரின் தோலைப் புண்ணாக்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அவை அடங்கிய பொருள்களைச் சந்தையில் தடைசெய்தது. ஈரத்தை நீக்காமல் நஞ்சால் பூஞ்சணத்தைக் கொல்ல முயல்வது தவறான வழி என்பதற்கு அது சான்றாயிற்று.

வகைகள்

கம்ப்ரசர் வகையே வீடுகளில் மிகுதி. மின்விசிறி அறைக்காற்றை இழுத்துக் குளிர்ந்த சுருளின்மீது செலுத்தும். நீராவி துளியாகித் தொட்டியில் விழும். உலர்ந்த காற்று சூடான சுருளைத் தாண்டி மீண்டும் அறைக்கே வரும். குளிர்பதனப் பெட்டியின் உள்பக்கமும் பின்பக்கமும் ஒரே கூட்டில் அடுத்தடுத்து அமைந்தது எனலாம். வெப்பத்தை வெளியே தள்ளாததால் அறை சூடாகும். ஒரு லிட்டர் நீர் துளியாகும்போது மட்டும் 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வெளிப்படுகிறது. கருவி தின்னும் மின்சாரமும் அதோடு சேரும். ஈரம் உறிஞ்சும் சுழல்சக்கர வகை குளிர்நாடுகளுக்கும் கிடங்குகளுக்கும் உரியது, திருப்பூரின் வீட்டுக்குத் தேவையில்லை. பெல்டியர் விளைவில் இயங்கும் கையடக்கக் கருவிகள் சத்தமின்றி ஓடும், விலையும் குறைவு. ஒரு நாளில் அவை எடுப்பது சில நூறு மில்லிலிட்டர்தான் என்பதால் துணி அலமாரிக்கும் கேமரா பெட்டிக்கும் போதும், அறைக்குப் போதாது. அலமாரியில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பை மின்சாரமின்றி ஈரத்தை இழுத்து நீராக்கும். அந்த உப்புநீர் பட்டுச் சேலையில் கசிந்தால் கறை போகாது. அந்துருண்டைக்கு ஈரம் நீக்கும் ஆற்றல் அறவே கிடையாது, அது பூச்சிக்கானது.

ஓதம் எங்கிருந்து வருகிறது

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பத்தடி உயரத்தில், 34 கன மீட்டர் காற்று இருக்கும். 30 பாகையில் அதன் ஈரப்பதத்தை 80இலிருந்து 60 விழுக்காட்டுக்கு இறக்க வேண்டுமானால் நீக்க வேண்டிய நீர் 200 கிராம்தான், ஒரு தம்ளர் அளவு. ஆனாலும் மழைக்காலத்தில் தொட்டியில் நாள்தோறும் லிட்டர் கணக்கில் நீர் சேர்கிறது. அது காற்றில் முன்பே இருந்த நீரல்ல. சுவரிலிருந்தும் சமையலிலிருந்தும் துணியிலிருந்தும் கதவிடுக்கிலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டே இருப்பது. தோற்றுவாயை அடைக்காமல் ஈரநீக்கியை ஓட்டுவது மின்சாரத்தை வீணாக்குவதே.

சமையல் எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகும்: ஒரு கிலோ எரிவாயுவுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது, கொதிக்கும் சோற்றுப்பானையின் ஆவி நீங்கலாகவே, 22 லிட்டர் நீர் அடுக்களைக் காற்றில் கலந்திருக்கும். ஒருவரின் மூச்சும் வியர்வையும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். பனியன் கம்பெனித் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில், சன்னல் ஒன்றே உள்ள ஓரறையில் சமைத்து, உறங்கி, மழைநாளில் துணியும் உலர்த்தும்போது ஈரம் போக வழியில்லை. அடுக்களையில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறியும் எதிரெதிரே இரண்டு திறப்பும் இருந்தால் அங்கே பெரும்பகுதி ஓதம் தீரும். லைன் வீடு கட்டும் உரிமையாளர்கள் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை அது.

சுவர் ஓதம் மூன்று வழியில் வரும். மொட்டைமாடியில் தட்டோட்டுப் பூச்சு வெடித்து மேலிருந்து இறங்கும். குழாய் கசிந்து நடுவில் பரவும். அடித்தளத்தில் ஈரத்தடை அடுக்கு இல்லாமல் மண்ணிலிருந்து ஏறும். கட்டடம் கட்டிய தண்ணீர் உப்பாக இருந்தால் நான்காவதாக ஒன்றும் சேரும். சமையல் உப்பு 75 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள காற்றிலிருந்து தானே நீரை இழுக்கும். அந்த உப்பு சுவரில் இருந்தால் சுவரும் இழுக்கும். இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரவிதி. உப்பேறிய ஆழ்துளைக் கிணறுகள் உள்ள நொய்யல் ஆற்று வட்டாரத்தில் கட்டுமானத்துக்கு முன் தண்ணீரைச் சோதிப்பது கட்டாயம். உப்பு பூத்த சுவரில் சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சே ஈரத்தை வெளியேற விடும்.

வீட்டில் பயன்படுத்தும் முறை

முதலில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானியை வாங்கி, சில நாள் காலையும் இரவும் பார்த்து எழுத வேண்டும். 60 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும் வீட்டுக்குக் கருவி வேண்டாம். 70க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும். ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லையும் கூடுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டியில் தொகுத்துக் கூறியிருக்கிறது.

கருவி ஓடும்போது கதவும் சன்னலும் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் ஊர்க்காற்றையே உலர்த்த வேண்டியிருக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அறையின் நடுப்பக்கமாக வைப்பது நல்லது. அளவை 55 அல்லது 60இல் நிறுத்தினால் போதும். 300 வாட் கருவி நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்றே தாண்டிவிடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 பாகை, 80 விழுக்காட்டில் அளந்தது. காற்று உலர உலர எடுக்கும் நீர் பாதிக்கும் கீழே இறங்கும். வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டிக் கழுவ வேண்டும், பஞ்சுத்தூசி பறக்கும் தெருக்களில் அதற்கும் முன்பாகவே. தொட்டி நீர் செடிக்கும் தரை துடைக்கவும் ஆகும், குடிக்க ஆகாது. நீட்டிப்பு வயரில் மாட்டி இரவு முழுவதும் ஓட்டுவது ஆபத்து. கிரீ நிறுவனம் தயாரித்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈரநீக்கிகள், சூடேறித் தீப்பிடிக்கும் அபாயத்தால் அமெரிக்காவில் 2013 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டன.

இன்றைய நிலை

ஏசி உள்ள வீடுகளில் அதன் டிரை நிலையே ஈரநீக்கியின் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுவதால், தனிக்கருவி வாங்குவோர் குறைவு. இணையக் கடைகளில் பெல்டியர் கருவிகளும் கம்ப்ரசர் கருவிகளும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.