தூர் ஸீனா: வேதக்காரர்கள் போற்றும் மலையின் வரலாறு



நைனார்பாளையத்துவாசிகளாகிய நமக்கு மலை என்றவுடன் நினைவுக்கு வருவது கல்வராயன் மலைதான். ஆனால் தொழுகையில் 'வத்தீனி' சூராவை ஓதும்போதெல்லாம், நாம் கண்ணால் கண்டிராத வேறொரு மலையின் பெயரையும் மொழிகிறோம். அதுவே தூர் ஸீனா. அல்லாஹ் அதன்மீது சத்தியமிடுகிறான். திருக்குர்ஆனின் 52ஆவது அத்தியாயத்திற்கே 'அத்தூர்' என்று பெயர். நம் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவச் சகோதரர் அதே மலையைச் 'சீனாய்' என்கிறார். நாம் மூஸா (அலை) என்று அழைக்கும் நபியை அவர் மோசே என்கிறார். யூதர்களும் கிறிஸ்தவர்களும் இம்மலையைப் பற்றி என்ன எண்ணினார்கள், அது எவ்வாறு பேணப்பட்டது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

யூதர் பார்வையில் ஸீனாய்

தவ்ராத்தின் யாத்திராகமம் கூறும் செய்தி இது: இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறிய மூன்றாம் மாதத்தில் மலையடிவாரத்தில் பாளையமிறங்கினர். இடியும் மின்னலும் கார்மேகமும் சூழ்ந்தன, மலை புகைந்தது, பத்துக் கட்டளைகள் அருளப்பட்டன. மூஸா (அலை) நாற்பது நாட்கள் மலைமீது தங்கினார். முப்பது இரவுகளுடன் பத்தைச் சேர்த்து நாற்பதாக நிறைவு செய்யப்பட்டதென நம் வேதமும் கூறுகிறது. இந்நிகழ்வின் நினைவாக யூதர்கள் 'ஷாவுஓத்' பெருநாளைக் கொண்டாடுகின்றனர்.

யூத அறிஞர்கள் இதில் பெரிதும் வலியுறுத்தியது ஒன்றே. வஹீ தனிமனிதருக்கு மட்டும் வரவில்லை. ஒரு சமுதாயமே அதற்குச் சாட்சியாக நின்றது என்பதாகும். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் யஹூதா ஹலேவி, அரபு மொழியில் எழுதிய தமது 'குஸரி' நூலில், ஆறு இலட்சம் பேர் நேரில் கண்ட செய்தி பொய்யாக இயலாது என்று வாதிட்டார். அதே நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவ மேதை மூஸா இப்னு மைமூன் இதனை நுணுக்கமாக ஆராய்ந்தார். மக்கள் கேட்டது ஓசையை மட்டுமே, சொற்களைத் தெளிவாக உணர்ந்தவர் மூஸா (அலை) ஒருவரே என்பது அவர் கருத்து. எல்லோரும் ஒரே இடத்தில் நின்றாலும் அவரவர் தகுதிக்கேற்பவே கேட்க முடியும் என்பது இதன் உட்பொருள்.

மலையில் பெற்றதை மூஸா (அலை) யூஷஃவிடமும், அவர் மூத்தோரிடமும், மூத்தோர் நபிமார்களிடமும் ஒப்படைத்தனர் என்று யூதர்களின் மிஷ்னா வரிசைப்படுத்துகிறது. ஹதீஸ் கலையின் 'ஸனது' பற்றி மதரஸாவில் பயின்றோருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. மலை தலைக்குமேல் உயர்த்தப்பட்டு உடன்படிக்கை வாங்கப்பட்ட செய்தி தல்மூதிலும் உண்டு. நம் அல்அஃராஃப் அத்தியாயத்திலும் உண்டு. உயர்ந்த மலைகளெல்லாம் பெருமை பேச, பணிவுடன் நின்ற ஸீனாயையே இறைவன் தேர்ந்தான் என்றும் யூத மரபு கூறும். பெருமையைக் கண்டிக்கும் நமக்கு இதன் கருத்தும் அந்நியமன்று.

இந்தியாவிலும் இம்மலையின் நினைவைச் சுமந்தோர் இருந்தனர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தில் தவ்ராத் சுருள்கள் பேணப்பட்டு வந்தன. 1948க்குப் பின் அச்சமூகத்தினரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

கிறிஸ்தவர் பார்வையில்

கிறிஸ்தவர்கள் ஸீனாயை மதித்தாலும், அதற்கு அப்பாலும் நோக்கினர். மத்தேயுவின் சுவிசேஷத்தில் ஈஸா (அலை) மலைமீதமர்ந்து போதிக்கிறார். மற்றொரு மலையில் அவர் ஒளிமயமாகத் தோன்றியபோது மூஸாவும் இல்யாஸும் (அலை) உடனிருந்தனர் என்பது அவர்களின் நம்பிக்கை. ஸீனாயில் தொடங்கியது தங்கள் மார்க்கத்தில் நிறைவெய்தியது என்பதே அவர்களின் வாதம். அகீதாவில் நாம் அவர்களோடு வேறுபடுகிறோம்; எனினும் ஒரு சமுதாயம் என்ன நம்புகிறது என்பதைச் சரியாக அறிவது வரலாற்றின் கடமையாகும்.

4ஆம் நூற்றாண்டில் நிஸ்ஸாவின் கிரெகோரி, மலையேற்றத்தை ஆன்மப் பயணமாக விளக்கினார். முதலில் முட்செடியில் ஒளி, பின்னர் மேகம், முடிவில் இருள் என்று மூன்று படிகளைக் காட்டினார். இறைவனை நெருங்குந்தோறும் அறிவுக்கு எட்டாதவன் அவன் என்பதே தெளிவாகும் என்றார். இறைவனைக் காண வேண்டிய மூஸா (அலை) அவர்கள், மலை நொறுங்கக் கண்டு மூர்ச்சையுற்ற குர்ஆன் வசனத்தை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலாது. 7ஆம் நூற்றாண்டில் ஸீனாய் மடத்தின் தலைவராக இருந்த யோவான் கிளிமாக்கஸ், 30 படிகள் கொண்ட ஏணியாகத் துறவு வாழ்வை வருணித்து நூல் இயற்றினார்.

தமிழில் இவ்வரலாறு அச்சேறியது தரங்கம்பாடியில். 1714இல் புதிய ஏற்பாட்டை அங்கு அச்சிடத் தொடங்கிய சீகன்பால்க், 1719இல் மறையும் முன் பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரை மொழிபெயர்த்திருந்தார்.

மலையும் மடமும்

ஸீனாய் எந்த மலை என்பதை யூத மரபு உறுதியாகக் குறித்து வைக்கவில்லை. இன்று 'ஜபல் மூஸா' எனப்படும் 2,285 மீட்டர் உயர மலையைச் சுட்டியது கிறிஸ்தவத் துறவியர் மரபே. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண் யாத்திரிகர் அங்கு சென்று குறிப்பெழுதினார். 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் அடிவாரத்தில் கோட்டை மதிலுடன் மடம் எழுப்பினார். அதுவே புனித கத்தரீனா மடம். 2002இல் யுனெஸ்கோ அப்பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நபி (ஸல்) அவர்கள் இம்மடத்துக்குப் பாதுகாப்புச் சாசனம் அளித்தார்கள் என்றும், அதன் மூலப்பிரதியை 1517இல் சுல்தான் ஸலீம் இஸ்தான்புல்லுக்குக் கொண்டு சென்றார் என்றும் மடத்தின் மரபு கூறுகிறது. பிரதிகள் மடத்தில் உள்ளன. சாசனத்தின் நம்பகத்தன்மை குறித்து ஆய்வாளர்கள் ஐயம் எழுப்புகின்றனர். ஆயினும் ஃபாத்திமியர், அய்யூபியர், மம்லூக்கியர் வழங்கிய பாதுகாப்பு ஆணைகள் அங்கிருப்பது ஐயத்திற்கிடமற்றது. மடத்தின் மதிலுக்குள்ளேயே ஒரு மஸ்ஜித் உண்டு, அதன் மிம்பர் ஹிஜ்ரி 500ஐ (கி.பி. 1106) சேர்ந்தது. மலையுச்சியில் சிற்றாலயமும் சிறு மஸ்ஜிதும் அருகருகே நிற்கின்றன. மடத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் பணிபுரிந்து வரும் ஜபாலியா பதூயீன்கள் முஸ்லிம்களே.

ஓர் எழுத்தின் மதிப்பு

மடத்து நூலகத்தில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. அவற்றுள் அறுநூறு அளவில் அரபுப் பிரதிகள். உலகின் மிகப் பழைய பைபிள் பிரதிகளுள் ஒன்றான 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பிரதி அங்கிருந்ததே. ஜெர்மானிய அறிஞர் டிஷெண்டார்ஃப் 1844இல் 43 ஏடுகளையும், 1859இல் பெரும்பகுதியையும் கொண்டு சென்றார். திருப்பித் தருவதாக அவர் எழுதிக் கொடுத்த சீட்டு மடத்தில் இருக்கிறது, பிரதி திரும்பவில்லை. 1933இல் சோவியத் அரசு அதனை ஒரு இலட்சம் பவுண்டுக்குப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றுவிட்டது.

2025 மே மாதம் எகிப்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மடத்து நிலங்கள் அரசுடைமை என்றும், துறவிகளுக்குப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்றும் தீர்ப்பளித்தது. துறவிகள் கலங்கினர், கிரேக்க நாடு கவலை தெரிவித்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொழுத இடமாயினும், பத்திரம் கேட்கப்படும் நாள் ஒன்று வந்தே தீரும். பள்ளிவாசல், கப்ருஸ்தான் ஆவணங்களைக் காக்கும் பொறுப்பில் இருப்போருக்கு அந்தத் துறவிகளின் கலக்கம் நன்கு புரியும்.

அன்பர்களே! பிற சமயத்தாரின் ஆலயத்தைத் தன் ஆட்சியில் காத்து, அதனருகிலேயே தொழுத வரலாறு நம்முடையது. ஸீனாய் மலையில் வாங்கப்பட்டது உடன்படிக்கை. அண்டை வீட்டாருக்கும், வருங்காலத் தலைமுறைக்கும் நாம் கொடுத்த வாக்கும் உடன்படிக்கையே. அதனைப் பேணி நடக்கும் நல்லோர் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.