எந்த வாழ்வுக்கான கல்வி?

"பள்ளிக்கூடத்துப் படிப்பு வாழ்க்கைக்கு உதவவில்லை" என்று கூறாதவரைக் காண்பது இன்று அரிது. பெற்றோர் கூறுகின்றனர், வேலை தருவோர் கூறுகின்றனர், அமைச்சர்கள் மேடைதோறும் கூறுகின்றனர், பரீட்சை முடிந்த மறுநாள் மாணவரும் கூறுகின்றனர். ஆசிரியத் தொழிலில் பத்தாண்டுகளுக்கு மேலாக உழன்றுவரும் நாமும் அக்கூற்றை முற்றாக மறுத்தற்கில்லை. ஆயினும், நமுனுகுல மலையைப் பார்த்தவண்ணம் பசறைச் சுற்றுவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வரும் நாம், அவ்வினாவுக்கு விடை கூறுமுன் வேறொரு வினாவை எழுப்ப வேண்டியவராய் இருக்கின்றோம். வாழ்வுக்கு வேண்டியது என்கிறோமே, அது யாருடைய வாழ்வு? அவ்வாழ்வு இன்னதென வரையறுப்போர் யாவர்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றே இவ்வினாவை நம்முள் கிளறிவிட்டது. பதினோராந் தரத்து மாணவியொருத்தி தன் தாயின் சம்பளத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "அம்மாவுக்கு இந்த மாசம் ஏன் இவ்வளவு குறைஞ்சிருக்கு? பாத்துச் சொல்லுங்க, சேர்" என்றாள். கணிதத்தில் வகுப்பின் முதல் மாணவி அவள். இருபடிச் சமன்பாட்டை இமைப்பொழுதில் தீர்ப்பவள். அத்துண்டுக் காகிதத்தின் முன் அவள் திகைத்து நின்றாள். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுப் பட்டம் பெற்ற நாமும் திகைத்தோம் என்பதை மறைப்பானேன்? வேலைநாட் கணக்கு, கொழுந்தின் நிறை, மேலதிகக் கிலோ, சேமலாப நிதிப் பிடிப்பு, சங்கச் சந்தா, பண்டிகை முற்பணம், தேயிலைத் தூளுக்கான கழிவு என ஒவ்வொன்றாய்ப் பிரித்தறிய இரண்டு ஓய்வுப் பாடவேளைகள் சென்றன. இறுதியில் விடை கிட்டிற்று. குறித்த அளவு கொழுந்து பறியாத நான்கு நாள்களுக்கு அரைப்பேர் போட்டிருந்தார்கள். அப்போது அம்மாணவி கேட்டாள்: "அம்மா முழுநாளும்தானே மலையில நின்னாங்க, சேர்?"

அவ்வினாவுக்குக் கணிதப் புத்தகத்தில் விடையில்லை. விடை நம் வரலாற்றில் இருக்கின்றது. ஆதலின், தோட்டப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பித் தோட்டங்களுக்காகவும், 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழித்த பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்காகவும், தமிழகத்து வறண்ட சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். கொண்டுவந்தவன் கங்காணி. வழிச்செலவும் முற்பணமும் அவன் கணக்கில் கடனாயின. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளி மாற வேண்டின், அவன் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டும் உடன் சென்றது; புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்து ஆளைப் பெற்றுக்கொண்டது. மனிதர் கடனோடு கைமாறிய அம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டில் எழுதப்பட்டிருந்த தொகை சரியா, பிழையா என வாசித்தறிய வல்ல தொழிலாளர் மிகச் சிலர். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மொழியைப் பேசியோர், அவ்விரு கண்களும் இன்றியே மூன்று தலைமுறை கணக்கெழுதப்பட்டனர்.

இந்நிலையிலேதான் கல்விச் சட்டங்கள் வந்தன. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்தார் மீது சுமத்திற்று. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அதனை வற்புறுத்தியதோடு, அவ்வயதுப் பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்றும் விதித்தது. பத்து மணிக்கு முன்! இவ்வொரு விதியில் அக்காலக் கல்விக் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கின்றது. பிள்ளையின் நாளில் காலைப்பொழுது பள்ளிக்கூடத்துக்கு, எஞ்சியது மலைக்கு.

சட்டம் விதித்த பள்ளிக்கூடங்கள் எவ்வாறு அமைந்தன? லயத்தின் ஒரு புறமோ, கொட்டகையோ, கோயில் மண்டபமோ இடமாயிற்று. ஓராசிரியர் எல்லா வகுப்புகளையும் ஒரே கூடத்தில் நடத்தினார். அவரே லயத்தாரின் கடிதங்களை வாசித்துக் காட்டினார். ஊருக்கு மறுமொழியும் எழுதினார். அவரை அமர்த்தவும் நீக்கவும் துரைக்கே அதிகாரம் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தல், சிறிது எழுதுதல், சிறிது கணக்கு ஆகியவற்றுடன் படிப்பு நின்றது.

இதற்குத் துரைமார் கூறிய நியாயம் கவனித்தற்குரியது. தோட்டப் பிள்ளையின் வாழ்வு தோட்டத்தில். தோட்டத்துக்கு வேண்டியது கொழுந்து பறிக்கும் கை, கவ்வாத்து வெட்டும் கை. அதற்கு மிஞ்சிய கல்வி பிள்ளையைத் தன் தொழிலை வெறுக்கச் செய்யும் என்பதே அது. இன்று நாம் முற்போக்கான குரலில் எழுப்பும் 'வாழ்வுக்கு ஏற்ற கல்வி' என்னும் கோரிக்கையை, அன்று நம்மை அடக்கி வைக்க விரும்பியோரே எழுப்பினர்! தோட்டத்தின் தேவையைப் பிள்ளையின் வாழ்வெனக் கொண்டு, அதற்கேற்ப அவர்கள் கல்வியை அளந்தனர்.

இது நம் மலைகளில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1953இல் சென்னை மாநில முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தின்படி, பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும் மறுபகுதியைப் பெற்றோரின் தொழிலிலும் கழிக்க வேண்டியவராயினர். குயவன் பிள்ளை மண்ணையும், வண்ணான் பிள்ளை துறையையும் நோக்கித் திருப்பப்படுவதைக் கண்ட மக்கள் அதற்குக் குலக்கல்வி எனப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். நம் நாட்டிலும், 1971ஆம் ஆண்டு இளைஞர் கிளர்ச்சியை அடுத்து 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்திற்று. கைத்தொழிலை மதிக்கக் கற்பித்தல் நல்ல நோக்கமே. ஆனால் வசதி படைத்தோரின் பிள்ளைகள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் படித்துக்கொண்டிருக்க, தம் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டியா என ஏழைப் பெற்றோர் ஐயுற்றனர். 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டமும் மறைந்தது. பெற்றோரின் ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. அவ்வையத்துக்குப் பின்னே நெடிய அனுபவம் இருக்கின்றது என்பதே நம் கருத்து.

இனி, மெய்யான வாழ்வு தோட்டத்து மக்களிடம் எதனைக் கேட்டது என்பதை நோக்குவோம். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களோ பெரும்பாலும் அதன் புறத்தே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கு வதிந்தமையை எழுத்து மூலம் நிறுவுமாறு கேட்டது. பள்ளிக்கூடத்தின் வாசலைக் காணாத தலைமுறையிடம் அரசு பத்திரம் கேட்டது! ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. அவர்களுள் ஒன்றரை இலட்சம் பேரும் ஏற்கப்படவில்லை. பெயரில் ஓரெழுத்துப் பிழை, பிறப்புப் பதிவில் தந்தை பெயர் வேறாக எழுதப்பட்டமை, ஊருக்குப் போய்வந்த நாளின் கணக்கு என்பன ஒரு குடும்பத்தின் நாட்டையே தீர்மானித்தன. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சியோரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலைகளை எண்ணிப் பங்கிட்டது. மீந்த 1,50,000 பேரின் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது. பாடம் சொல்லித் தந்த பிள்ளையைப் புகையிரத நிலையத்தில் வழியனுப்பிய ஆசிரியர்கள் மலையகமெங்கும் இருந்தனர். நாடற்ற நிலைமையை முடிவுக்குக் கொணர்ந்த சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

அக்காலத்து மக்களுக்கு வாழ்வுக்கு வேண்டிய கல்வியை அளித்தவர் எவருமே இலரா? இருந்தனர். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தோட்டத்துள் அயலார் புக முடியாத அந்நாளில், புடவை வியாபாரியாய் வேடமிட்டு லயங்களுக்குச் சென்றார். பத்திரிகை நடத்தினார், தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கி எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரையும் உரிமையையும் பாட்டாய் இயற்றிப் பாடினார். எழுத்தறியாதாரும் பாட்டைக் கேட்டறிந்தனர். நம் ஊவாவிலே, பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில், 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தம்முள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தனர். அக்குழுவைக் கலந்தே தோட்டத்தை நடத்தத் துரை இணங்க வேண்டியதாயிற்று. கூடிப் பேசவும், பிரதிநிதியைத் தெரியவும், கோரிக்கையை வரிசைப்படுத்தவும் அவர்களுக்குக் கற்பித்த பாடநூல் யாது? எப்பள்ளியும் கற்பிக்காததை மக்கள் தம் போராட்டத்தில் கற்றனர்.

1960–61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் விடுபட்டன. 1972, 1975 ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னர், எழுபதுகளின் இறுதியிலிருந்தே அப்பள்ளிகள் படிப்படியாகத் தேசிய முறைக்குள் வந்தன. எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவி கட்டடங்களைத் தந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. மலையகத்தார் பிள்ளைகள் ஆசிரியராயினர், அதிபராயினர், பல்கலைக்கழகம் புகுந்தனர். இவ்வரிகளை எழுதும் நாமும் அவ்வழியே வந்தவரே. இப்பேற்றைச் சிறிதென்று கூறோம்.

எனினும், நுழைய விடப்பட்ட அப்பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் யாது கற்கின்றனர்? ஐந்தாந் தரத்திலேயே புலமைப்பரிசில் பரீட்சை, பின்னர்ச் சாதாரண தரம், பின்னர் உயர்தரம். ஒவ்வொரு வாயிலிலும் பலர் வெளியே நிற்கின்றனர். அவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்லும்போது, நாம் கொடுத்தனுப்பிய மூட்டையில் என்ன இருக்கின்றது? நியமனக் கடிதம் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் அறிவரா? ஊழியர் சேமலாப நிதிக்குத் தம்மிடம் நூற்றுக்கு எட்டு வீதம் பிடிக்கையில், தொழில் தருநர் பன்னிரண்டு வீதமேனும் இட வேண்டும் என்னும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிவரா? பொலிஸ் நிலையத்தில் தமக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட மறுக்கலாம் என்பதை அறிவரா?

இன்னுமொன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, நம் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் குடியிருப்புக்கு ஏற்றதன்று எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அக்காலையில் பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். மீண்டு வந்தபோது அவர்களுட் சிலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. புவியியற் பாடத்தில் எரிமலைகளின் வகைகளை மனனஞ் செய்விக்கும் நாம், தம் லயத்தின் மேலுள்ள மலையின் வெடிப்பை வாசிக்க அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தோமா? எச்சரிக்கை வந்த பின்னும் மாற்றுக் காணி கிடையாதவர் எங்கே செல்வர் என்று கேட்கக் கற்பித்தோமா?

முன்னையது அறிவியல், பின்னையது அரசியல். இரண்டும் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. சம்பளத் துண்டைக் கணக்கிடத் தெரிந்தால் அரைப்பேர் எத்தனை என்பது விளங்கும். முழுநாள் உழைப்பு எங்ஙனம் அரைப்பேர் ஆயிற்று என்பது விளங்க வேண்டுமாயின் கங்காணியின் துண்டிலிருந்து தொடங்கும் வரலாறு தெரிய வேண்டும். அதனை எடுத்துரைக்க மொழி வேண்டும். தமிழோடு, அலுவலகம் பேசும் சிங்களமும், சட்டம் எழுதப்படும் ஆங்கிலமும் வேண்டும். பிறர் துயரைத் தன் துயராய் உணரும் நெஞ்சம் வேண்டும். அதற்கு இலக்கியம் வேண்டும். ஆகவே, 'வாழ்வுக்கு உதவாதது' என்று கூறி வரலாற்றையும் இலக்கியத்தையும் ஏழைப் பிள்ளையின் பாடப்பட்டியலிலிருந்து நீக்க முற்படுவோரை நாம் ஐயத்துடனேயே நோக்குவோம். பத்து மணிக்குப் பின் மலைக்கு அனுப்பிய பழைய விதியின் வேறொரு வடிவமே அது.

2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதை அடுத்து, நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு பற்றிய பிணக்குகள் தோட்டந்தோறும் எழுந்தன. அன்று முதல் நம் வகுப்பில் தவணைக்கொரு முறை சம்பளத் துண்டே பாடமாகின்றது. கணித ஆசிரியர் எண்களைக் கவனிக்கின்றார். வரலாற்றாசிரியர் 'பேர்' என்னும் சொல்லின் பின்னுள்ள கதையைக் கூறுகின்றார். தமிழாசிரியராகிய நாம் விண்ணப்பக் கடிதம் எழுதப் பழக்குகின்றோம். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. பரீட்சையில் இதற்குப் புள்ளியுமில்லை.

முதன்முதல் அத்துண்டைக் கொணர்ந்த மாணவி, தன் கையாலேயே தாய்க்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். நான்கு அரைப்பேரில் ஒன்று கணக்கெழுதியவரின் பிழையெனத் திருத்தப்பட்டது. மற்ற மூன்றும் அப்படியே நின்றன. அவளுடைய வினாவும் நிற்கின்றது. அதற்கு விடை கூற வேண்டியவர் தோட்டத்தார் மட்டுமல்லர். நூறாண்டுகளுக்கு மேலாக அவ்வினாவை எழுப்பத் தெரியாதவராய்ப் பிள்ளைகளை அனுப்பி வைத்த பள்ளிக்கூடமும், அதில் சம்பளம் பெறும் நாமுமே.