சத்தியக் கடதாசி: கடல் கடந்த மகவேற்பும் ஊவாத் தோட்டங்களும்

இலங்கையின் சட்டத் தமிழ் ‘மகவேற்பு’ என்று குறிப்பதையும், மலையகத் தோட்டங்களில் ‘எடுத்து வளர்ப்பது’ என்று சொல்லப்படுவதையும் ஒன்றாகக் கொள்வது அகராதிக்குச் சரியாக இருக்கலாம். வரலாற்றுக்குச் சரியாக இராது. முன்னது, நீதிமன்றக் கட்டளை ஒன்றினால் பிறந்த குடும்பத்தின் உரிமைகளை அறுத்து, பிள்ளையை ஏற்றவர்களுக்கே முறைப்படி பிறந்ததாக ஆக்கும் சட்டச் செயல். பின்னது, தாய் இறந்தபோதோ, வீட்டில் வாய்கள் பெருகியபோதோ, பிள்ளையில்லாத அக்காள் ஒருத்தி கேட்டபோதோ, ஒரு லயத்திலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, அடுத்த லயத்துக்கு, அல்லது மலைக்கு அப்பாலுள்ள உறவினரின் தோட்டத்துக்குப் பிள்ளை இடம் மாறுவது. பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடைப்பட்ட சரிவுகளில் பரந்திருக்கும் பூனாகலையிலும், அதைச் சூழ்ந்த, ஊவா மாகாணப் பதுளை மாவட்டத் தோட்டங்களிலும், இந்த இரண்டாவது வழக்கம் பெற்றவளை மறைப்பதில்லை. பிள்ளை இரு பெண்களையும் அம்மா என்று அழைப்பதிலும் எவரும் குற்றம் காண்பதில்லை. ஆனால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத உறவு. ஏட்டில் ஏறாத இவ்வழக்கத்துக்கும் ஏட்டையே நம்பிய சட்டத்துக்கும் இடையிலிருந்த வெளியில்தான் வெளிநாட்டு மகவேற்பின் வரலாறு நிகழ்ந்தது.

தீவின் பிற தமிழரில் ஒரு பகுதியினருக்கு இவ்விடயத்தில் எழுதப்பட்ட மரபு ஒன்று இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல், திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சினால் தொகுக்கப்பட்ட தேசவழமை, உறவினரின் இசைவையும் மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கையும் மகவேற்புக்கு அடையாளங்களாகக் கூறி, ஏற்கப்பட்ட பிள்ளை பெற்றோரின் முதுசத்தில் உரிமை இழப்பதையும் வரையறுத்தது. கண்டிச் சட்டமும் மகவேற்பை அறிந்திருந்தது. தேசவழமையோ யாழ்ப்பாணப் பிரதேசத்துத் தமிழருக்கே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களை அது தொடவில்லை. அவர்களுக்குப் பொருந்திய பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டத்தில் மகவேற்பு வழக்கொழிந்து போயிருந்தது. ஆகவே தோட்டத்தில் ஒரு பிள்ளை எடுத்து வளர்க்கப்பட்டால், சட்டத்தின் கண்ணில் அங்கே ஏதும் நடக்கவில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்பியது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச்சட்டம். (கட்டளைச்சட்டம் என்பது குடியேற்றக் காலத்தில் இயற்றப்பட்ட சட்டங்களுக்கு இலங்கையில் வழங்கும் பெயர்.) ஆங்கிலேயச் சட்டத்தின் சாயலில் அமைந்த அது, ஏற்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையை விட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும், பத்து வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் விருப்பமும் அறியப்பட வேண்டும் என்றெல்லாம் விதித்தது. அதன் மையமான ஏற்பாடு சம்மதம் பற்றியது: பெற்றவர் சம்மதித்தால் மட்டும் போதாது, தம் உரிமை நிரந்தரமாகப் பறிபோகிறது என்பதை விளங்கியே சம்மதித்தார் என்று நீதிபதி நிறைவு காண வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தாலன்றிப் பணமோ கைம்மாறோ மாறக் கூடாது. அதே சட்டத்தில், பெற்றோரல்லாத ஒருவரின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அவர் ‘பாதுகாவலர்’ எனப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற பகுதியும் சேர்க்கப்பட்டிருந்தது. வளர்ப்புப் பிள்ளை என்ற பெயரில் வீட்டு வேலைக்கு வைக்கப்பட்ட சிறுவர்களை எண்ணியதாக அப்பகுதியை வாசிப்பதே பொருத்தம். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட தோட்டச் சிறுமியர் பலர் இருந்தும், அவர்களில் மிகச் சிலரே எந்தப் பதிவேட்டையும் கண்டிருப்பார்கள்.

தோட்ட மக்களுக்குக் கடதாசி புதியதன்று. சொல்லப்போனால், அதன் ஆட்சியில் அவர்களைப் போல் வாழ்ந்தவர்கள் தீவில் வேறு எவருமில்லை. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவர் அவரைக் கொண்டுபோகலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ 1921இல் ஒழிக்கப்படும் வரை, ஒரு குடும்பம் முழுவதும் ஒரு தாள்மீது இடம் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த டின் டிக்கெட், போகவேண்டிய தோட்டத்தின் எண்ணைப் பொறித்த தகர வில்லையாகத் தொழிலாளியின் உடம்பிலேயே தொங்கியது. இவையெல்லாம் ஆட்களை நகர்த்துவதற்கான ஆவணங்கள். ஆட்களுக்கு உரிமை தருவதற்கானவை அல்ல. பிறப்பைப் பதிவதிலும் இந்த அமைப்பே நீடித்தது. ஊரில் பிறந்த பிள்ளையின் தகப்பன் நேரே பதிவாளரிடம் போக, தோட்டத்தில் பிறந்த பிள்ளையைப் பற்றித் துரைக்கு அறிவித்து, துரையின் அறிக்கை மாவட்டப் பதிவாளருக்குப் போய்ச் சேரவேண்டியிருந்தது. அந்த வழியில், தமிழில் சொல்லப்பட்ட பெயர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டது. தகப்பன் பெயரும் பிள்ளையின் பெயரும் இடம் மாறின. ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் சான்றிதழ்களில் தாயின் பெயர் இரண்டு விதமாக நின்றது. இத்தவறுகளைத் திருத்துவதற்குச் சத்தியக் கடதாசி, அதாவது உண்மையென உறுதி கூறிச் சமாதான நீதவான் முன் கையொப்பமிடும் எழுத்து, தேவைப்பட்டது. அந்தச் சொல்லைத் தோட்டங்களில் அறியாதவர் இல்லை.

நாடற்ற நிலை இதற்கு மேல் வந்து படிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறந்த மண்ணை விட்டுத் தகப்பனின் வம்சாவளியைக் கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பங்களில் அடங்கியிருந்தும் ஏறத்தாழ 1,34,000 பேரே பதியப்பட்டனர். 1964 ஒக்டோபர் 30இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. குடும்பம் குடும்பமாகவே பெயர்கள் எழுதப்பட்ட அக்கோப்புகளில், சித்தியிடம் வளர்ந்த பிள்ளைக்கு இடம் பெற்ற தாயின் தாளில்தான் இருந்தது. மகவேற்புக் கட்டளை இல்லாதவர்களுக்கு அதன் அருமை தெரிந்தது இங்கேதான்: தலைமன்னாரில் கப்பலேறும் வேளையில், வளர்த்தவளின் கண்ணீருக்கு எந்தச் சட்டப் பெறுமதியும் இருக்கவில்லை. நாடற்றோருக்கான ஏற்பாடுகள் 1986இலும் 1988இலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்திலும் தொடர்ந்தன.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைக் கடல் கடத்துவதும் இலங்கையில் தொடங்கியதன்று. 1900இல் ஜோன் அண்டர்சன் கிரகம் கலிம்போங்கில் நிறுவிய இல்லத்திலிருந்து, டார்ஜிலிங், அசாம் தோட்டங்களில் வெள்ளைத்துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த 130 பேர் 1908 முதல் 1938 வரை நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். பிள்ளையின் நன்மை பேசப்பட்ட அளவுக்குத் தாயின் சம்மதம் பேசப்படாத ஏற்பாடு அது. நுவரெலியாவில் இந்திய கிறிஸ்தவ மிஷனை நடத்திய பெயின்டர் குடும்பத்தின் இல்லமும் இத்தகைய பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்தது.

இலங்கையில் வெளிநாட்டு மகவேற்பு பெருகியது 1970களின் இறுதியில், பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு உல்லாசப் பயணிகளின் வருகை கூடிய காலத்தில். நெதர்லாந்து, சுவீடன், ஜேர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பிள்ளைக்குக் காத்திருந்தவர்கள் அதிகம். தீவிலோ தோட்டங்கள் அரசுடைமையான காலத்தையொட்டிய 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தை மலையகம் அப்போதுதான் கடந்திருந்தது. ஏறத்தாழ 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போனதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நெதர்லாந்துக்கும், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானோர் சுவிட்சர்லாந்துக்கும் சென்றனர். எல்லாம் ஒழுங்கீனமாக நடந்தவை என்று கூறிவிட முடியாது. ஆனால் தரகர், மருத்துவமனை ஊழியர், சட்டத்தரணி, விடுதிக்காரர் என்று நீண்ட ஒரு சங்கிலி உருவாகி, கர்ப்பிணிப் பெண்களையும் சிசுக்களையும் அடைத்துவைத்த ‘குழந்தைப் பண்ணைகள்’ பற்றிய செய்திகள் வெளிவந்த நிலையில், 1987இல் வெளிநாட்டு மகவேற்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அக்காலத்தில் பண்ணைகள் இருந்தன என்பதை 2017இல் சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன நெதர்லாந்துத் தொலைக்காட்சியிடம் ஒப்புக்கொண்டார்.

என்ன நடந்தது என்பதற்கு மிகச் சுருக்கமான சான்று நாட்டின் குற்றவியல் சட்டமே. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட ஆட்கடத்தல் பிரிவு, பொதுவாகப் பேசி நில்லாமல் செயல்களை ஒன்றொன்றாகச் சொல்கிறது: இன்னும் பிறவாத பிள்ளையை மகவேற்புக்குத் தருவதற்காகக் கர்ப்பிணியிடம் பணத்துக்குச் சத்தியக் கடதாசி வாங்குவது, பிள்ளை பெறுவதற்கென்றே பெண்களைத் திரட்டுவது, பிறப்புப் பதிவோடு தொடர்புடையவர் பதிவேட்டைப் பொய்யாக்க இடங்கொடுப்பது, மருத்துவமனையிலிருந்தோ இல்லத்திலிருந்தோ பிள்ளையைப் பெறுவதற்குத் தாயைப் போல் நடிப்பது. சட்டம் எழுதுபவர்கள் கற்பனையில் இத்தனை நுணுக்கமாக எழுதுவதில்லை. ‘நடிப்புத் தாய்’ என்று பின்னர் அழைக்கப்பட்டவள் நீதிமன்றத்தில் நின்று, வேறொருத்தியின் பெயரில் தலையசைத்தபோது, 1941ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதியிடம் ஒப்படைத்த அந்த ஒரே காவலும் வெறும் தாளாகியிருந்தது.

1987இன் நிறுத்தத்துக்குப் பின்னர் வந்த நடைமுறையின் ஒவ்வொரு படியிலும் பழைய ஓட்டை ஒன்றை அடைத்த தடம் தெரிகிறது. 1992ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின், அரச பொறுப்பேற்பு இல்லத்திலோ பதிவுபெற்ற தொண்டர் இல்லத்திலோ உள்ள பிள்ளைகள் மட்டுமே வெளிநாட்டவருக்குத் தரப்படலாம் என்றாயிற்று. தாயைத் தரகர் மூலம் நேரில் தேடும் வழி அடைபட்டது. 1993 மே 29இல் ஹேக் நகரில் ஏற்கப்பட்ட நாடிடை மகவேற்பு உடன்படிக்கையை 1995 ஜனவரியில் உறுதிசெய்த இலங்கை, மெக்சிகோ, ருமேனியா ஆகியவற்றோடு சேர்ந்து அதைக் கைக்கொண்ட முதல் நாடுகளில் ஒன்றாயிற்று. அது 1995 மே 1இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டின் மத்திய அதிகாரபீடம் மற்ற நாட்டின் மத்திய அதிகாரபீடத்தோடு பேச வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. இலங்கையில் அந்த இடத்தில் இருப்பவர் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளர்.

பிள்ளையை விரும்பும் வெளிநாட்டுத் தம்பதியர் திரட்டும் கோப்பு, ஒரு குடும்பத்தையே தாளாக மாற்றும் முயற்சி. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கை, பொலிஸ் நற்சான்று, தொழிலும் வருமானமும் காட்டும் கடிதங்கள், இவற்றுக்கெல்லாம் மேலாக ‘வீட்டு ஆய்வு’ ஆகியன அதில் அடங்கும். வீட்டு ஆய்வு என்பது அந்நாட்டுச் சமூகப் பணியாளர் பலமுறை சென்று, வீட்டையும் தம்பதியரின் மனநிலையையும், அவர்கள் பிள்ளையை ஏன் விரும்புகிறார்கள் என்பதையும் எழுதும் நீண்ட அறிக்கை. மொழிபெயர்ப்பும் தூதரக அத்தாட்சியும் பெற்று அது கொழும்புக்கு வந்த பிறகு, பிள்ளை ஒன்றுக்கு அவர்கள் பொருத்தமானவர்களா என்று திணைக்களம் முடிவு செய்கிறது. தம்பதியர் தீவுக்கு நேரில் வந்து, நீதிமன்றத்தில் முன்னிலையாகி, கட்டளை பெற்று, பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை ஏற்றி, புதிய சான்றிதழைக் கொண்டு கடவுச்சீட்டும் விசாவும் எடுக்கிறார்கள். ஊர் திரும்பிய பின்னரும் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கைகளை அனுப்பக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அண்டை நாட்டில், 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளும் இதே அச்சத்தில் பிறந்தவையே.

கோப்பின் எடை இவ்வாறு ஏற்கும் பக்கத்தில் கூடியிருக்க, தரும் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைத் தாளான சம்மதப் பத்திரம். ஊவாத் தோட்டத்துப் பெண்ணொருத்திக்குப் பிள்ளையைப் பிரிவதற்குத் தெரிந்த வழிகள் இரண்டு: உறவினரிடம் விடுவது, வேலைக்கு விடுவது. இரண்டிலும் ‘விடுவது’ என்ற சொல்லே வழங்குகிறது. இரண்டிலும் பிள்ளை தீபாவளிக்கோ ஆடித் திருவிழாவுக்கோ வீடு வரும், சண்டை மூண்டால் திரும்ப அழைத்துக்கொள்ளவும் முடியும். நிரந்தரமாக உரிமை அறும் மூன்றாவது வழிக்குத் தோட்டப் பேச்சில் சொல்லே இல்லை. 1956இலிருந்து சிங்களம் ஆட்சிமொழியாக இருந்த நாட்டில், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தட்டச்சான பத்திரத்தில், தமிழ் மட்டுமே அறிந்த ஒருத்தி கையொப்பமிட்டால், அல்லது பெருவிரல் பதித்தால், அவள் விளங்கியே சம்மதித்தாள் என்று கூறுவதற்குச் சட்டத்துக்கு உரிமை இருக்கலாம். வரலாறு எழுதுபவருக்கு இல்லை.

ஏற்ற நாடுகள் பழைய கோப்புகளைத் திறந்தது மிகப் பிந்தியே. சுவிட்சர்லாந்தில், 1981இன் இறுதியிலேயே அதிகாரிகள் முறைகேடுகளை அறிந்திருந்தும் அனுமதிகளை நிறுத்தவில்லை என்று ஆய்வு காட்டியதையடுத்து, 2020 டிசம்பரில் கூட்டாட்சி அவை வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்தில் யூஸ்ட்ரா குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த மகவேற்புகளை ஆராய்ந்து 2021 பெப்ரவரி 8இல் அறிக்கையை வெளியிட, அன்றே வெளிநாட்டு மகவேற்பு அங்கு இடைநிறுத்தப்பட்டது.

இன்று அக்கோப்புகளை எதிர்த்திசையில் வாசிப்பவர்கள், நடுவயதை எட்டிவிட்ட மகவேற்புப் பிள்ளைகள். மரபணுச் சோதனை ஒருபுறமிருக்க, அவர்கள் கையிலிருப்பது ஒரு பெண்ணின் பெயர், ஒரு மருத்துவமனை, சில வேளைகளில் ஒரு தோட்டத்தின் பெயர். வேறு ஊர்களில் இது போதுமான தொடக்கமாகலாம். தோட்டத்தில் லயத்து அறைகளுக்கு முகவரி இருந்ததில்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்தன. தோட்டங்களுக்கோ இரட்டைப் பெயர்கள். பத்திரத்தில் எழுதப்பட்ட ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. இரண்டையும் பொருத்திக் காட்டும் பட்டியல் ஒன்று பழைய ஃபெர்கூசன் டைரக்டரியில் துரைமாரின் வசதிக்காக அச்சிடப்பட்டிருந்தது. பெயரைக் கண்டுபிடித்தாலும் இடம் நிலைத்திருப்பதில்லை. கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையின் லயங்கள் 2014 ஒக்டோபர் 29இல் மண்ணுக்கடியில் போயின. பூனாகலையின் கபரகலைப் பிரிவில் 2023 மார்ச்சில் மண் சரிந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நாடு திரும்பியோரின் குடும்பங்கள் நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் வாழ்கின்றன. தேடி வருபவர் காட்டும் தாளிலுள்ள ஆங்கிலப் பெயரைப் பண்டாரவளை பஸ் நிலையத்தில் எவரும் அறியாமல் போகலாம். அதன் தமிழ்ப் பெயரைச் சொன்னால், எந்த பஸ்ஸில் ஏறி எந்த வளைவில் இறங்க வேண்டும் என்பதை அங்கு நிற்கும் முதியவர் எவரும் சொல்லிவிடுவார்.