நிலக்கரி வள மதிப்பீடு

நிலக்கரி வள மதிப்பீடு என்பது, துளைக்கிணறுகளில் கிடைக்கும் நிலவியல் தரவுகளைக் கொண்டு கணினியில் நிலத்தடி மாதிரியை உருவாக்கி, ஒரு படுகையில் எவ்வளவு நிலக்கரி புதைந்துள்ளது, அதில் எவ்வளவு எடுக்கக்கூடியது, எவ்வளவு எடுத்தால் கட்டுப்படியாகும் என்று கணக்கிடும் முறை. இம்மூன்றுக்கும் விடைகள் வெவ்வேறு. இவற்றை ஒன்றாகக் குழப்புவதால்தான் நிலக்கரி பற்றிய பொதுப்பேச்சில் பெரும் பிழைகள் நேர்கின்றன. அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மாநிலங்களில் பரந்துள்ள பவுடர் ஆற்றுப் படுகை இதற்குத் தெளிவான சான்று.

அடிப்படைக் கணக்கு எளியது: பரப்பு, தடிமன், அடர்த்தி மூன்றையும் பெருக்கினால் எடை. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 மீட்டர் தடிமனுள்ள அடுக்கு, 1.3 அடர்த்தியில், 1 கோடியே 30 லட்சம் டன். கடினம் தடிமனை அறிவதில்தான் இருக்கிறது. துளைக்குள் கருவியை இறக்கி மேலே இழுக்கும்போது அது காமா கதிர்வீச்சையும் அடர்த்தியையும் பதிவு செய்கிறது. களிப்பாறையில் உயர்ந்திருக்கும் காமா கோடு நிலக்கரியில் சட்டென்று இறங்கும். அடர்த்திக் கோடும் உடன் சரியும். இவ்விரு கோடுகளும் சேர்ந்து இறங்கும் இடமும் மீண்டும் ஏறும் இடமும் அடுக்கின் கூரையும் தரையும் ஆகும். பவுடர் ஆற்றுப் படுகையில் நிலக்கரி அடுக்குகளிலுள்ள மீத்தேன் வாயுவுக்காகத் தோண்டிய ஆயிரக்கணக்கான கிணறுகளின் பதிவுகள் மதிப்பீட்டாளர்களுக்குப் பெருந்துணையாயின.

அடுத்தது, ஒரு துளையில் கண்ட அடுக்கு பக்கத்துத் துளையில் எது என்று இணைத்தறிவது. மதிப்பீட்டின் உயிர்நாடி இதுவே. இப்படுகையில் பேலியோசீன் காலத்து ஃபோர்ட் யூனியன் பாறைத்தொகுதியில் உள்ள வயோடாக் அடுக்கு சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல் தடித்திருக்கும். வேறிடங்களில் பல கிளைகளாகப் பிரியும். தவறான கிளைகளை இணைத்தாலும் கணினி தடையின்றி அழகான பரப்பை வரைந்துவிடும். ஆகவே இதை நிலவியலாளர் தம் கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

இணைத்த தரவுகளைக் கணினி கட்டங்களாகப் பிரித்து, துளைகளுக்கு இடைப்பட்ட இடங்களின் மதிப்பைக் கணிக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகே செய்த ஆய்விலிருந்து ஜார்ஜ் மாத்ரோன் வளர்த்தெடுத்த கிரிகிங் இதற்குப் பயன்படும் முறைகளுள் ஒன்று. நிலமட்டப் பரப்பிலிருந்து அடுக்கின் கூரைப் பரப்பைக் கழித்தால் அடுக்கை மூடியுள்ள மண்ணும் பாறையுமான மேல்மூடலின் தடிமன் கிடைக்கும். ஏற்கெனவே வெட்டிய பகுதிகளும், இயற்கைத் தீயில் எரிந்துபோன விளிம்புகளும் நீக்கப்படும்.

துளையிலிருந்து விலகும் தூரத்துக்கேற்ப நம்பகம் குறையும். அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1983இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, கால் மைலுக்குள் இருப்பது அளவிடப்பட்ட வளம். முக்கால் மைல் வரை சுட்டப்பட்டது. 3 மைல் வரை அனுமானிக்கப்பட்டது.

அவ்வாய்வகம் 2008இல் இப்படுகையின் ஜில்லெட் நிலக்கரி வயலை மதிப்பிட்டது. அளவு ஷார்ட் டன், அதாவது 907 கிலோ. 11 அடுக்குகளின் மூலவளம் 20,100 கோடி டன். வெட்டியதும், ரயில்பாதை, நெடுஞ்சாலை, ஊர்களால் தடைப்பட்டதும் போக 16,400 கோடி. மேல்மூடல், நிலக்கரி விகிதம் 10:1க்குள் உள்ள இடங்களில் எடுக்கக்கூடியது 7,700 கோடி. 2007 ஜனவரியில் டன்னுக்கு 10.47 டாலர் விலையில் கட்டுப்படியாகக்கூடியது 1,010 கோடி மட்டுமே. 2008 மார்ச்சில் விலை 14 டாலர் ஆனதும் அதே கணக்கு 1,850 கோடி காட்டியது. நிலத்தடியில் ஒரு கட்டிகூடக் கூடவில்லை.

படுகை முழுவதற்குமான 2015 அறிக்கையும் இதே சரிவைக் காட்டுகிறது: நிலத்தடியில் 1 லட்சம் கோடி டன்னுக்கும் மேல், எடுக்கக்கூடியது 16,200 கோடி, கட்டுப்படியாவது 2,500 கோடி. நிலக்கரி இன்னும் இத்தனை ஆண்டுக்கு வரும் என்று யாராவது சொன்னால், அவர் இவற்றில் எந்த எண்ணை வகுத்தார், எந்த ஆண்டு விலையில் என்று முதலில் கேளுங்கள்.