பட்டா வழியே அகலும் சாலை: செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையில் மனைநிலமும் வெளியேற்றமும்

சாலை விரிவாக்கம் ஒரு குடியிருப்பை வந்தடைந்துவிட்டது என்பதை மக்கள் பெரும்பாலும் அரசிதழ் வழியாக அறிவதில்லை. வீட்டுச் சுவரில் சிவப்பு வண்ணத்தில் இடப்பட்ட குறியைக் கண்டே அறிகின்றனர். குறி விழுந்த வீட்டுக்குப் பட்டா இருந்தால் அறிவிப்பு, விசாரணை, இழப்பீடு என்ற நடைமுறை தொடங்கும். பட்டா இல்லையெனில் அவ்வீட்டார் அன்றே ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆகிவிடுகின்றனர். அடுத்தடுத்த இரு வீடுகளை ஒரே சாலைக்காக இருவேறு சட்டங்கள் அணுகுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தப் பிளவு பெரிதும் சாதியின் வழியே செல்கிறது. அதற்கான காரணம் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது. அதுவும் இம்மாவட்டத்தின் ஆவணங்களிலேயே பதிவாகியுள்ளது.

கிழக்குக் கடற்கரைச் சாலை வெற்று நிலத்தில் போடப்பட்டதன்று. கடலோரச் சிற்றூர்களை இணைத்த பழைய சாலைகளை அகலப்படுத்தியும் தொடுத்தும் 1990-களில் அது உருவாக்கப்பட்டது. பின்னர் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் பொறுப்பில் சுங்கச் சாலையாயிற்று. மாமல்லபுரத்திற்குத் தெற்கே புதுச்சேரி வரை செல்லும் பகுதி இன்று தேசிய நெடுஞ்சாலை 332ஏ. ஒவ்வொரு முறை சாலை அகலும்போதும் அதன் ஓரத்தில் இருப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. மீனவர் குப்பங்கள், தலித் காலனிகள், இருளர் குடிசைகள், தள்ளுவண்டிக் கடைகள் என்று விடை பெரும்பாலும் ஒரே வகையில்தான் அமைகிறது.

ஊருக்குள் மனை மறுக்கப்பட்டவர்களே ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் சாலையோரத்திலும் குடியமர்ந்தனர். இது தற்செயலன்று. செங்கல்பட்டுப் பகுதியில் மிராசி முறை ஆழ வேரூன்றியிருந்தது. ஊரின் தரிசு நிலத்தின் மீதும், சேரியின் மனைநிலத்தின் மீதும்கூட மிராசுதார்கள் உரிமை கொண்டாடினர். பண்ணையாள் எதிர்த்துப் பேசினால் வேலை மட்டுமன்றிக் குடிசையும் பறிபோகும். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர், பறையர் நிலை குறித்த தம் அறிக்கையில் இதனைப் பதிவு செய்தார். மனைநிலத்தின் மீது உரிமையின்மையே அடிமைத்தனத்தின் கயிறு என்பதை அதிகார வர்க்கத்துக்குள்ளிருந்தே ஒருவர் எழுதிய ஆவணம் அது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-இல் 1010, 1010ஏ ஆகிய அரசாணைகள் பிறந்தன. நாம் பஞ்சமி நிலம் என்றழைப்பது இவ்வரலாற்றின் விளைவே.

அந்நிலங்களைத் தலித் அல்லாதவருக்கு மாற்றக் கூடாதென்ற நிபந்தனை ஏட்டில் நின்றது, நிலம் கைமாறியது. மாமல்லபுரத்தை அடுத்த காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் கொல்லப்பட்டனர். இன்று கடற்கரைச் சாலையின் இருமருங்கும் நிலத்தின் விலை ஏறியிருப்பதைக் காணும் மாணவர்கள், அதன் அடியில் எவருடைய நிலம் இருந்தது என்பதையும் வருவாய்ப் பதிவேடுகளில் தேட வேண்டும்.

சட்டத்திற்கு வருவோம். மாநிலச் சாலைகளுக்கு நிலம் எடுக்கப் பயன்படுவது 2001-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம். அதன் 15-ஆம் பிரிவு நில உரிமையாளருக்கும் நிலத்தில் நலன் உடையவருக்கும் விளக்கமளிக்கும் வாய்ப்பைத் தருகிறது. 28-ஆம் பிரிவு ஆக்கிரமிப்பு அகற்றுவதற்கானது. பட்டா உள்ளவர் 15-இன்கீழ் அழைக்கப்படுகிறார். இல்லாதவர் 28-இன்கீழ் விரட்டப்படுகிறார்.

2013-ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு அடைக்க முயன்றது. அதன்படி ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பது நில உரிமையாளரை மட்டும் குறிப்பதன்று. மூன்றாண்டுகளாக அந்நிலத்தைச் சார்ந்து வாழும் விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், கைவினைஞர் ஆகியோரையும் அது உள்ளடக்கும். இத்தகையோரை எண்ணிக் கணக்கிடும் கட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு. தமிழ்நாடு அரசோ 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்களித்தது. இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய அட்டவணைகளைப் பொருத்த அப்பிரிவு இடம் வைத்தது. சமூகத் தாக்க மதிப்பீடு விடுபட்டுப் போயிற்று. அதாவது, பட்டா இல்லாதவர் காகிதத்தில் தோன்றக்கூடிய ஒரே கட்டம் நீக்கப்பட்டது. விலக்குப் பெற்ற மூன்றில் ஒன்று நெடுஞ்சாலைச் சட்டம், இன்னொன்று தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம், மூன்றாவது தலித் மக்களுக்கு மனை வழங்குவதற்கான 1978-ஆம் ஆண்டு ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம். நம் மனைக்கான சட்டத்தையும் நம் மனையை இடிக்கும் சட்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இம்மூன்று சட்டங்களின் வழி நிலமெடுப்பது செல்லாது என்றது. அதே ஆண்டு அரசு மீட்புச் சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. எனவே இவ்வாசல் இப்போதைக்கு அடைபட்டதே. தேசிய நெடுஞ்சாலைப் பகுதியில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3சி பிரிவு, அறிவிக்கை வெளியான 21 நாள்களுக்குள் ஆட்சேபம் எழுப்ப இடமளிக்கிறது. அந்த நாள்கள் பெரும்பாலும் எவருக்கும் தெரியாமலே கழிந்துவிடுகின்றன.

இனி எஞ்சியிருப்பவை எவை? முதலாவதாக நத்தம். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, மனையாகவும் புழைக்கடையாகவும் ஒருவருக்கு உரிமையான நிலத்தை அரசுச் சொத்து என்ற வரையறையிலிருந்து விலக்கியுள்ளது. கிராம நத்தம் அரசுக்கு உரியதன்று என்று தில்லைவனம் எதிர் செங்கை அண்ணா மாவட்ட ஆட்சியர் வழக்கில் (1998) சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கும் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே நத்தத்தில் குடியிருப்பவரைப் பட்டா இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆக்கிரமிப்பாளர் என்பது சட்டப் பிழை. நத்தமும் அல்லாத புறம்போக்காயின் அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பும், 10-ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு.

இரண்டாவது, சாலையின் அகலத்தையே கேள்விக்குள்ளாக்குவது. இது நம் வழக்குகளில் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தின் மகராஜ்கஞ்சில் சாலை விரிவாக்கத்துக்காக 2019-இல் இடிக்கப்பட்ட வீடு பற்றிய வழக்கில் 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் வழிகாட்டுதல் வழங்கியது. பதிவேடுகளின்படி சாலையின் தற்போதைய அகலம் என்ன என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். ஆக்கிரமிப்பு இருப்பின் எழுத்து மூலம் அறிவிப்புத் தந்து, ஆட்சேபத்தைக் கேட்டு, காரணம் கூறி ஆணையிட வேண்டும். இருக்கும் அகலம் போதாதெனில் சட்டப்படி நிலமெடுக்க வேண்டும். அவ்வீட்டு உரிமையாளருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது. ஒரு வாரம் கழித்து நவம்பர் 13-இல் வந்த ‘புல்டோசர்’ தீர்ப்பைத்தான் நம் தோழர்கள் அதிகம் மேற்கோள் காட்டுகின்றனர். அதன் 15 நாள் முன்னறிவிப்பு விதி சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்குப் பொருந்தாது என்று அத்தீர்ப்பே கூறுகிறது. சாலையோரக் குடியிருப்புக்கு உதவுவது முந்தையதே.

மாமல்லபுரத்தின் தெருவோரக் கடைகள் தனிக் கதை. 2019 அக்டோபர் 11, 12 நாள்களில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது சாலைகள் புதுப்பிக்கப்பட்டன, சுவர்கள் வண்ணம் பூண்டன, சிறு கடைகள் அப்புறப்படுத்தப்பட்டன. விருந்தாளி வரும்போது வீட்டு ஏழைகளை ஒளித்து வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டத்தின் 3(3) பிரிவு, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் அகற்றலாகாது என்கிறது. இடமாற்றத்துக்கு 30 நாள் அறிவிப்பு வேண்டும். மணி விற்கும் நரிக்குறவப் பெண்ணுக்கும் சங்கு விற்கும் சிறுவியாபாரிக்கும் இச்சட்டம் பொருந்தும். ஆனால் நகர விற்பனைக் குழுவில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதிக்கப்படுவோர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால், நிலத்திலிருந்தும் மனையிலிருந்தும் முறைகேடாக வெளியேற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜி) பிரிவின்கீழ் குற்றம். பதிவேட்டைப் புனைந்து வெளியேற்றுவதும் அதில் அடங்கும். சட்டப்படியான நடைமுறையைப் பின்பற்றிய வெளியேற்றத்துக்கு இது பொருந்தாதாகையால், நடைமுறை எங்கே மீறப்பட்டது என்பதைக் காட்டாமல் புகார் எழுதிப் பயனில்லை.

அதனால் சிவப்புக் குறி விழுந்த அன்றே காகிதங்களைத் திரட்ட வேண்டும். கிராமக் கணக்கின் ‘ஏ’ பதிவேட்டு நகல், புல வரைபடம், நத்தம் தோராயப் பட்டா, மின் இணைப்பு ரசீது, வீட்டு வரி ரசீது, குழந்தைகளின் பள்ளிச் சான்று ஆகியவை அடிப்படை. பலர் அச்சத்தில் கிழித்தெறியும் ‘பி மெமோ’வை மட்டும் கட்டாயம் பாதுகாக்க வேண்டும். ஆக்கிரமிப்பாளர் என்று குற்றஞ்சாட்டத் தரப்படும் அத்தாளே, இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் இவர் குடியிருந்தார் என்று அரசே கையெழுத்திட்டுத் தந்த சான்றும் ஆகும். இருபது ஆண்டுப் பி மெமோக்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கும் பாட்டிகளை இம்மாவட்டத்தில் காணலாம். அந்தப் பெட்டியுடன் நெடுஞ்சாலைத் துறையின் அங்கீகரிக்கப்பட்ட அகல வரைபடத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற்றுவிட்டால், வழக்கின் பாதி வேலை முடிந்தது.