மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ210: நம்பகத்தன்மையும் துருவும்

மெர்சிடிஸ்-பென்ஸ் இ-கிளாஸ் வரிசையில் 1995 முதல் 2002 வரை வெளிவந்த செடான் காரின் குறியீடு டபிள்யூ210. முட்டை வடிவ முகப்பு விளக்குகள் நான்கு கொண்ட இந்தக் குடும்பக் கார், ஐரோப்பியப் பழைய கார் சந்தையில் இன்றும் சர்ச்சைக்குரியது. என்ஜினைப் பார்ப்பவர்கள் நம்பி வாங்கலாம் என்கிறார்கள். பாடியைப் பார்ப்பவர்கள் கிட்டவே போகாதே என்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான்.

இதற்கு முந்தைய டபிள்யூ124, ஜெர்மனியில் டாக்சியாக ஓடி ஓடியே பேர் வாங்கிய கார். அந்தப் பேருக்கு டபிள்யூ210-இன் டீசல் என்ஜின்கள் பங்கம் விளைவிக்கவில்லை. குறிப்பாக, ஆறு சிலிண்டர் கொண்ட ஓஎம்606 பல லட்சம் கிலோமீட்டர் தாங்கக்கூடியது. ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உறுதியானதே. அதன் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று முதலில் சொல்லப்பட்டதை நம்பியவர்களுக்குத்தான் செலவு வந்தது.

துரு வேறு கதை. கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, டிக்கி மூடியில் பூட்டைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் பெயின்ட் அப்பளம்போல் கொப்பளிக்கும். இவை கண்ணில் படுபவை. டிங்கரிங் பட்டறையில் தீர்ந்துவிடும். ஆபத்து முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. முன் ஸ்பிரிங்கின் மேல்முனையைத் தாங்கும் கிண்ணம், உட்புறத் தகட்டோடு ஸ்பாட் வெல்டிங்கில் இணைக்கப்பட்டது. விளிம்பில் பூசிய சீலன்ட் விரிசல் கண்டால், ஈரம் இரு தகடுகளுக்கும் இடையே புகுந்து தங்கிவிடும். வெளியே பூச்சு நன்றாகவே தெரியும். உள்ளே வெல்டிங் புள்ளிகள் ஒவ்வொன்றாக அரித்துப்போகும். ஒரு நாள் கிண்ணம் பிய்த்துக்கொள்ள, அந்தப் பக்கம் கார் அப்படியே இறங்கி உட்கார்ந்துவிடும்.

காரணம் எது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. செலவுக் குறைப்பு, நீர்சார் பெயின்டுக்கு மாறியது, பெயின்ட் தொட்டியில் நுண்ணுயிர் வளர்ந்தது எனப் பல விளக்கங்கள் உலவுகின்றன. கடைசியாகச் சொன்னதை கார் பிரியர்களின் கதையாகக் கொள்வதே நல்லது. போட்டியாளரான ஆடி, தன் 100 மாடலுக்கு 1980களின் நடுவிலேயே முழுப் பாடிக்கும் துத்தநாகப் பூச்சு கொடுத்துவிட்டது. துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். தொழில்நுட்பம் கைக்கெட்டிய காலத்தில் இப்படி நேர்ந்ததற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு துருவை விரைவுபடுத்துகிறது. ஜெர்மனியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையில், எடை தாங்கும் பாகத்தில் துரு ஓட்டை இருந்தால் கார் தேறாது. என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் செல்லாது. புனேயிலும் இந்த மாடல் பொருத்தப்பட்டது. சாலையில் பொதுவாக உப்புத் தூவாத இந்தியாவில் துருவின் வேகம் குறைவு. ஆனால் கடலோர நகரங்களில் உப்புக்காற்று இருப்பதால் முழுமையாக நம்ப முடியாது.

இந்தக் காரை வாங்குபவர் ஓடோமீட்டரைப் பிறகு பார்க்கலாம். முன்சக்கரங்களைக் கழற்றி, உள்ளே உள்ள பிளாஸ்டிக் மறைப்பை நீக்கி, ஸ்பிரிங் கிண்ணத்தின் விளிம்பைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் விலை பேசவே வேண்டாம்.