மரக்காலும் மோட்டாரும்

நெல்லைத் தலைதட்டியும் அளக்கலாம்; குவித்தும் அளக்கலாம். வாங்கும்போது குவித்து, விற்கும்போது தலைதட்டும் கெட்டிக்காரர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில், ராஜராஜ சோழன் காலத்தில், நெல் அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவனின் பெயரே இருந்தது. கொடுப்பவனுக்கும் கொள்பவனுக்கும் பொதுவான ஒருவர் பெயரில் அளவு இருந்தால்தான் மனம் ஆறும் என்று அதற்கு நான் பொருள் செய்துகொள்கிறேன்.

மோட்டார் யுகத்தில் அந்த மரக்கால் யாரிடம் இருக்கிறது?

1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, ஜப்பானின் மிட்சுபிஷியுடன் கூட்டுச் சேர்ந்து, திருவள்ளூர்த் தொழிற்சாலையில் லான்சர் கார்களைச் செய்யத் தொடங்கியது. நம் நடுத்தரக் குடும்பத்தார் எந்தக் கார் வாங்கப் போனாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண் பிறந்த இடம் சாலை அல்ல. ஒரு மூடிய அறை. அங்கே வண்டி உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடும். நம் நாட்டுச் சோதனையில் சுமார் பதினோரு கிலோமீட்டர், இருபது நிமிஷத்துக்குள்; வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. குளிர்சாதனம் அணைந்திருக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நெடுஞ்சாலையில், சித்திரை வெயிலில், பார லாரிகளுக்குப் பின்னால் ஊர்கிற ஓட்டத்துக்கும் இதற்கும் வெகு தூரம்.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஒரு வண்டியை மார்கழி விடியலிலும் இன்னொன்றைச் சித்திரை நடுப்பகலிலும் ஓட்டிவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் அது நியாயமா? எல்லாருக்கும் ஒரே அறை, ஒரே ஓட்டம் என்பது வண்டிக்கும் வண்டிக்கும் இடையே நீதி. ஆனால் அந்த நீதியே சாலையை வெளியே தள்ளிவிடுகிறது. போதாக்குறைக்கு, கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்த பரீட்சை அது. பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதுபோல வண்டிகளும் பரீட்சைக்கு ஓடக் கற்றுக்கொள்கின்றன.

2015-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் அகப்பட்டுக்கொண்டது. தான் சோதனையில் இருப்பதை உணர்ந்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் தந்திரத்தை உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் வண்டிகளில் அது வைத்திருந்தது.

அடுத்த ஆண்டு மிட்சுபிஷியின் முறை. உருளைகள் வண்டிக்கு எவ்வளவு தடை கொடுக்க வேண்டும் என்பதை முதலில் திறந்த பாதையில் அறிய வேண்டும். வண்டியை விரட்டிவிட்டு, கியரை விடுவித்து, தானாக வேகம் தணிய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். காற்றும் டயரும் இழுக்கும் இழுப்பு அதில் தெரியும். அந்த எண்ணைச் சற்றுக் குறைத்து எழுதிவிட்டால் போதும். பிறகு சோதனை எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் விடை பொய்யாகத்தான் வரும். 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி ஒப்புக்கொண்டது இதைத்தான். நான்கு சிறு கார் வகைகள், மொத்தம் 6,25,000 வண்டிகள். அவை ஜப்பானில் விற்றவை. திருவள்ளூரில் செய்தவை அல்ல. சட்டம் சொன்ன முறையை விட்டு வேறு முறையில் அளக்கும் பழக்கம் 1991 முதலே இருந்ததாம். ஜப்பானிய சர்க்கார் இழுப்புக் கணக்கைத் தானே அளக்காமல், கம்பெனி கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது.

இவற்றைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வோக்ஸ்வாகன் விவகாரத்தில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் கருவிகளை வண்டியிலேயே ஏற்றிச் சாலையில் அளந்தார்கள். மிட்சுபிஷி விவகாரத்தில், அதே வண்டிகளைத் தன் பெயரில் விற்ற நிஸ்ஸான் கம்பெனி தானே அளந்து பார்த்தது, கணக்கு இடித்தது. இரண்டு இடத்திலும் மரக்கால் வேறொருவர் கைக்குப் போன பிறகே உண்மை வெளிப்பட்டது.

நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல் புகையைச் சாலையிலும் அளந்தாக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. லிட்டர்க் கணக்கு இன்னும் அறைக்குள்ளேதான். திருவள்ளூர்த் தொழிற்சாலை இப்போது சித்ரோன் கார்களைச் செய்கிறது. எந்தக் காரானாலும், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும்போது, எங்கே அளந்தது, யார் அளந்தது என்றும் சேர்த்துக் கேட்பது நல்லது.